சுவருக்கு அந்தப் பக்கம் போகாதே!

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் புதிதாகப் பட்டறை போடுகிறவர் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார், அச்சைத் தட்டிப் பார்ப்பார், சூளையைச் சுற்றிப் பார்ப்பார். ஆள் எடுக்க மட்டும் இணையத்தைப் பார்ப்பார். மாதிரி ஒப்பந்தம் இலவசமாக இறங்கும். பெயரை மாற்றினால் போதும், முதலாளி தயார்.

அந்த ஒப்பந்தப்படி, மின்சார ஃபியூஸ் கேரியரை கிளேஸில் முக்கி எடுப்பவர் மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். வழக்கென்றால் கலிபோர்னியா நீதிமன்றம். கடலூர் போய் வரவே ஒரு நாள் கூலி போய்விடும் என்பது வேறு கதை. வேலையை விட்டால் இரண்டு ஆண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாதாம். போட்டி நிறுவனமோ சுவருக்கு அந்தப் பக்கம்! இப்படிப் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு விக்டோரியா மகாராணி காலத்திலேயே சொல்லிவிட்டது.

இத்தனை மிரட்டலுக்கு நடுவே, கூலி நாளுக்கா உருப்படிக்கா, சூளையில் வெடித்தது யார் கணக்கு என்பதற்கு மட்டும் ஒரு வரி இருக்காது. தொழிலாளி கேட்பதோ அதை மட்டும்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடு என்கின்றன. பத்துப் பேர் சேர்ந்தால் ஈஎஸ்ஐ, இருபது பேர் என்றால் பிஎஃப். ஒன்பதாவது பெயரை எழுதியதும் சில முதலாளிகளின் பேனாவில் மை தீர்ந்துபோகும் மர்மம் இதுதான்.