ஹியூம் நெடுஞ்சாலையில் தயிர் உறையும் தூரம்: ஓர் ஆய்வு

தயிர் உறைய எத்தனை மணி நேரமாகும் என்று எந்தத் தமிழ் அடுக்களையில் கேட்டாலும் விடை கிடைக்கும். எத்தனை கிலோமீட்டராகும் என்பது மட்டும் ஆராய்வாரின்றிக் கிடக்கிறது. சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே ட்ரக் ஓட்டும் தமிழர் நலன் கருதி அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

1. களம்

களம் ஹியூம் நெடுஞ்சாலை; சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குத் தூரம் ஏறத்தாழ 880 கிலோமீட்டர். 1824இல் ஹாமில்டன் ஹியூம், வில்லியம் ஹாவெல் இருவரும் இத்திசையில் தெற்கே வழி தேடிப் போனார்கள். வழியில் பிணக்கு மூண்டு, பொரிக்கும் சட்டியைப் பங்கு போடப்போய், ஒருவர் கையில் பிடியும் மற்றவர் கையில் சட்டியும் மிஞ்சியதாக ஒரு கதை உண்டு. ஒரே வண்டியை இருவர் மாறி மாறி ஓட்டினால் ஆளுக்கொரு தூக்குவாளி வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

2. பொருள்

பயணத்துக்குக் கட்டும் தயிர்ச்சோறு வீட்டுத் தயிர்ச்சோறு அன்று. குழைய வெந்த சோற்றை மசித்து, கை பொறுக்கும் சூட்டில் பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிரை உறைக்கு விட்டு மூட வேண்டும். புறப்படும்போது அது பாற்சோறு, பசிக்கும்போது தயிர்ச்சோறு. முழுத் தயிரில் பிசைந்து கொண்டுபோனவர் பாதி வழியில் புளிப்புத் தாங்காமல் முகம் சுளிப்பார்.

கேபினில் குட்டி ஃபிரிட்ஜ் வைத்திருப்போர் வாளியை அதற்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கே உறை உறங்கிவிடும். 400 கிலோமீட்டர் கடந்தும் பால் பாலாகவே இருக்கும். குளிர்கால இரவும் அப்படித்தான். ஜூலையில் கோல்பர்ன் பக்கம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அவ்வூரில் 15 மீட்டர் உயரக் கான்கிரீட் செம்மறி ஒன்று கம்பளி களையாமல் நிற்பதே சான்று. அந்நாளில் வாளியைத் துண்டால் சுற்றி, ஹீட்டர் காற்றுப் படும்படி பக்கத்து இருக்கையில் அமர்த்துக. சீட் பெல்ட்டும் போடுக.

3. கருதுகோள்

கனரக வாகனங்களுக்கான தேசியச் சட்டம் இச்சாலை செல்லும் இரு மாநிலங்களிலும் 2014 முதல் நடப்பில் உள்ளது. 12 டன்னுக்கு மேற்பட்ட ட்ரக்கைத் தனியாக ஓட்டுபவர், பொதுவான கணக்கின்படி, எந்த 5½ மணி நேரத்திலும் 5¼ மணிக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது. மீதி 15 நிமிடம் ஓய்ந்தே ஆக வேண்டும். 24 மணி நேரத்தில் வேலை 12 மணியைத் தாண்டக்கூடாது. வண்டிக்கு வெளியிலோ நிறுத்திய வண்டியின் படுக்கையிலோ 7 மணி நேரமாவது தொடர்ந்து ஓய்வு வேண்டும்.

உறை பிடிக்கவும் நல்ல சூட்டில் ஐந்தாறு மணி நேரமே. சட்டம் இயற்றியோருக்கும் நம் பாட்டிமாருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததாகச் சான்றில்லை. ஆயினும் இரு சாராரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். ட்ரக்கின் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர்; சராசரி அதற்கும் கீழேதான். எனவே தயிர் உறையும் தூரம் சுமார் 440 கிலோமீட்டர். அங்கே இருப்பது டார்கட்டா. சிட்னி ஓட்டுநரும் மெல்போர்ன் ஓட்டுநரும் சந்தித்து, சுமையை மாற்றிக்கொண்டு அவரவர் ஊர் திரும்பும் நடுவழி ஊர்.

4. தடையும் விடையும்

அற்றன்று. சட்டத்தின் அகராதியில் வேலை என்பது ஓட்டுவது மட்டுமன்று. சுமை ஏற்றுவது, டயர் பார்ப்பது, டீசல் போடுவது எல்லாம் வேலையே, லாக்புக்கில் ஏறும். டிப்போவில் ஒரு மணி நேரம் போனால் டார்கட்டா எட்டாது. சிட்னியிலிருந்து வருபவர் வழியிலுள்ள குண்டகாய்க்கு முன்பே ஒதுங்க வேண்டும்.

குண்டகாய்க்கு 5 மைல் இப்பால், 1932இல் பிரதமர் ஜோசப் லயன்ஸ் திறந்துவைத்த சிலை ஒன்று உண்டு: சாப்பாட்டுப் பெட்டி மேல் ஒரு நாய். மாட்டுவண்டிக்காரரின் கட்டுச்சோற்றைக் காத்த விசுவாசம் என்பர். ‘உட்கார்ந்தது’ என்பது நாகரிகம் கருதிய பாடபேதம், மூலப் பாட்டில் அந்த நாய் பெட்டியில் செய்தது வேறு என்பாரும் உளர். எப்பாடம் கொள்ளினும் வாளியை மூடி வைக்க.

எனர்ஜி டிரிங்க், உரத்த பாட்டு, இறக்கிவிட்ட கண்ணாடி ஆகியவை தூக்கத்தை விரட்டும் என்பார் ஒரு சாரார். அவை தவணை வாங்கும்; கடனை அடைக்கா. தயிர்ச்சோறே தூக்கம் தரும் என்பார் மறுசாரார். உண்மை. ஆகவே அரை வயிறு சாப்பிட்டு, ஒரு காபி குடித்து, 15 நிமிடம் கண்ணயர்க. காபி வேலை செய்யத் தொடங்கும்போது நீங்களும் தொடங்கலாம். நாமக்கல் லாரியில் பேச்சுக் கொடுத்து எழுப்பிவிடக் கிளீனர் உண்டு. இங்கே யூஎச்எஃப் ரேடியோவின் 40ஆம் சேனல்தான் துணை.

இது பற்றி சிட்னியின் பெண்டில் ஹில்லில் வாழும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் நூற்பா: “தம்பி, நித்திரையோட மல்லுக்கட்டேலாது. வந்தா ஓரங்கட்டிப்போட்டுப் படு. சிட்னி எங்கயும் ஓடிப்போகாது.”

5. முடிபு

டார்கட்டாவில், தொழிலில் உயிர்நீத்த ட்ரக் ஓட்டுநர்களின் பெயர்களோடு ஒரு நினைவிடம் இருக்கிறது. உறையாத தயிர்ச்சோற்றைப் பாற்சோறாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம். சோறு எந்த நிலையில் இருந்தாலும் 5¼ மணியில் வண்டியை நிறுத்துங்கள்.