எலிக்குக் கமிட்டி இருக்கு தம்பி

வா தம்பி, உக்காரு. சேதி தெரியும். ஆகஸ்ட்லேருந்து நீயும் டாக்டருக்குப் படிக்கப் போறியாம். ஊசி போடற டாக்டர் இல்ல, அதுக்கும் மேலன்னு உங்கம்மா மார்க்கெட்டுல நின்னு நாலு பேர் காதுல விழறாப்புல சொன்னாங்க. ‘அப்ப காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாத டாக்டரு’ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னையிலேருந்து என்னைப் பாத்தா லிஃப்ட் கதவை மூடிடறாங்க. போகட்டும்.

நம்ம புளோக்ல இதோட ரெண்டாச்சு. மொத ஆளு எம் பேத்தி; மூணாம் வருஷம் ஓடுது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்ச்சவன் நான், பள்ளிக்கூடத்துக்கு ஒதுங்கினதே மழைக்குத்தான். ஆனா அவ கூட ஒரே வீட்டுல இருந்ததுல பாதி பிஎச்டி எனக்கும் ஒட்டிக்கிச்சு. அந்தப் பாதியை உனக்குச் சும்மா தரேன். மீதிப் பாதிக்குத்தான் நீ நாலஞ்சு வருஷம் அழணும்.

எம் பேத்தி வச்சிருக்கறது கறுப்பு எலி. அண்ணனையும் தங்கச்சியையும் ஜோடி சேத்துத் தலைமுறை தலைமுறையா வளத்த வகையாம். அப்பத்தான் எல்லா எலியும் ஒரே அச்சுல இருக்குமாம். ஊர்ல அத்தை மவளைக் கட்டறதுக்கே மூஞ்சியைச் சுளிக்கிற புள்ளை, இதை எனக்கு விளக்கறப்ப கண்ணைக்கூடச் சிமிட்டல. அதை விடு. அந்த எலி வாழற வாழ்வைக் கேளு. ரூமு சூடு 20-லேருந்து 26 டிகிரிக்குள்ள. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. கூடு கட்டிக்கப் பஞ்சு. தனியா இருந்தா வாடிப்போகும்னு துணைக்கு இன்னொரு எலி. நோவு வந்தா பாக்க மாட்டு டாக்டர்.

இதையெல்லாம் மேற்பார்வை பாக்க ஒரு கமிட்டி வேற. சிங்கப்பூர்ல 2004-லேயே விதி போட்டுட்டாங்க. பிராணியை வச்சு ஆராய்ச்சி பண்ற இடம் எதுவா இருந்தாலும் கமிட்டி வைக்கணும். அதுல கால்நடை மருத்துவர் இருக்கணும், பிராணி ஆராய்ச்சி பழகினவர் இருக்கணும், ஆராய்ச்சியே தெரியாத ஆளு ஒருத்தர், அந்த நிறுவனத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத வெளியாள் ஒருத்தர். கடைசி ரெண்டு நாற்காலிக்கும் நான் ஒருத்தனே பொருத்தம்னு பேத்திகிட்டச் சொல்லி அனுப்பினேன். இன்னும் பதில் வரல. பிராணி வேதனையையும் பாக்கணுங்கற நினைப்புக்கு வித்து போட்டது ரஸ்ஸல், பர்ச்னு ரெண்டு வெள்ளைக்காரங்க, 1959-ல. பிராணி இல்லாம முடியுமான்னு மொதல்ல பாரு, முடியலன்னா எண்ணிக்கையைக் குறை, எத்தனை வச்சாலும் அதோட வேதனையைக் குறைன்னு புத்தகம் போட்டாங்க. நல்ல மனுசங்க.

‘எலிக்கு வலிக்குதான்னு பாக்கக் கமிட்டி இருக்கே, உனக்கு இருக்காம்மா?’ன்னு கேட்டேன்.

‘ஏன் இல்லாம, தீசிஸ் கமிட்டி இருக்கு தாத்தா.’

‘அது வலிக்குதான்னு கேக்குமா?’

‘ரிசல்ட் எங்கேன்னு கேக்கும்.’

எலியோட நிக்கல. கண்ணாடித் தட்டுல செல்லு வளக்கறா. அதுக்கு 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கரியமில வாயு, கன்னுக்குட்டி ரத்தத்துலேருந்து எடுத்த சீரம். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா சாறு மாத்தணும், மாத்தலன்னா செத்துடும். செல்லுக்கு ஞாயித்துக்கிழமை, தீபாவளி எதுவும் தெரியாது. அதனால இந்தப் புள்ளை தீபாவளியன்னைக்குத் தலை காயறதுக்குள்ள டவுன்டவுன் ரயில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸ்ல மாறி, லேப் இருக்கற பயோபொலிஸுக்குப் போய் செல்லுக்குச் சோறு போட்டுட்டு வந்துச்சு. வீட்டுல அவளுக்குப் போட்ட சோறு மேசையில ஆறிக் கெடந்துச்சு. ராத்திரி 11 மணிக்கு அடுப்பு பக்கத்துல நின்னுகிட்டே மேகி மீ. நாற்காலி இருக்கே உக்காரக் கூடாதான்னேன். உக்காந்தா தூங்கிடுவேன் தாத்தா, இன்னும் ஒரு கிராஃப் இருக்குன்னா.

நான் கிண்டல் பண்றேன்னு நெனைக்காதே. 2018-ல ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ங்கற இதழ்ல ஒரு கணக்கு வந்துச்சாம். 26 நாட்டுல 2,279 பேரை, பெரும்பாலும் பிஎச்டி புள்ளைங்களை, கேட்டுப் பாத்திருக்காங்க. 41 சதவீதம் பேருக்கு ஓரளவோ கடுமையாவோ மனப்பதற்றம், 39 சதவீதம் பேருக்கு அதே அளவுல மனச்சோர்வு. பொதுசனத்துல இது 6 சதவீதமாம். பேத்தியே படிச்சுச் சொன்னா, அதுவும் சிரிச்சுகிட்டே. கேட்டது அவங்களா வந்து பதில் சொன்னவங்களை, அதனால எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாதுன்னு ஒரு குறையும் கண்டுபிடிச்சா. பாத்தியா, சொந்த நோவுலயும் மெத்தடாலஜி சரியில்லைங்கற அளவுக்குப் படிப்பு முத்திப் போச்சு.

அடுத்தது சொந்தக்காரங்க. ‘எப்ப முடியும்?’ இந்த ஒரு கேள்விக்கு நீ இப்பவே உடம்பைத் தேத்திக்கணும். நம்ம எல்ஆர்டி ரயிலு வீடுங்களை ஒட்டிப் போறப்ப ஜன்னல் கண்ணாடி தானா மங்கிடுதில்ல, அந்தக் கேள்வி வந்ததும் எம் பேத்தி மூஞ்சி அப்படித்தான் ஆவுது. உனக்கு ஒரு பதில் சொல்லித் தரேன், மனப்பாடம் பண்ணிக்க. வெங்கி ராமகிருஷ்ணன்னு ஒருத்தர், 1952-ல சிதம்பரத்துல பொறந்தவர். 1976-ல அமெரிக்காவுல இயற்பியல்ல பிஎச்டி முடிச்சார். முடிச்ச கையோட என்ன பண்ணார்? இதுல சுவாரசியம் இல்லைன்னு சான் டியாகோ போய், உயிரியல்ல மறுபடியும் மாணவரா உக்காந்துட்டார், அதுவும் பொண்டாட்டி புள்ளைங்களோட. ரெண்டாவது பட்டமும் வாங்கல, பாதியில எழுந்து வேற லேபுக்குப் போயிட்டார். அப்புறம் ரைபோசோம் எப்படி இருக்குன்னு கண்டு சொல்லி 2009-ல வேதியியலுக்கு நோபல். படிச்சது இயற்பியல், மாறினது உயிரியல், பரிசு வேதியியல்! ‘எப்ப முடியும்’னு கேக்கற சித்தப்பாகிட்ட இதைச் சொல்லு. அவருக்கு ஒண்ணும் புரியாது, ஆனா அடுத்த பொங்கல் வரைக்கும் கேக்க மாட்டார்.

‘இதனால என்ன லாபம்?’னு ஒரு கேள்வி வரும் பாரு, அதைக் கேக்கறது நானாத்தான் இருப்பேன். அதுக்கும் பதில் இந்த ஊர்லயே இருக்கு. சிட்னி பிரென்னர்னு ஒரு மகான். 1963-ல, ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கற புழு ஒண்ணைத்தான் இனி ஆராய்வேன்னு முடிவு பண்ணார். அந்தப் புழு ஒடம்புல, இனப்பெருக்கச் செல்லைத் தள்ளிட்டா, 959 செல்லு. ஒவ்வொண்ணும் எதுலேருந்து பொறந்துச்சுன்னு அவர் கூட்டத்து ஆளுங்க வம்சாவளி எழுதினாங்க. நம்ம சாதிச் சங்கத்துக்காரன்கூட அவ்வளவு சுத்தமா எழுத மாட்டான். 2002-ல நோபல் வந்துச்சு, இன்னும் ரெண்டு பேரோட சேத்து. அதே மனுசன் சிங்கப்பூருக்கு உயிரியல் ஆராய்ச்சி வேணும்னு ரொம்ப வருஷமா ஆலோசனை சொல்லிச் சொல்லி, பேத்தை மீன் ஆராய்ச்சியையும் இங்கே கொண்டாந்தார். எங்க கடற்கரையில வலையில பேத்தை விழுந்தா விஷம்னு கரையில வீசிடுவோம். அவர் அதோட மரபணுத் தொகுதியைப் படிக்கலாம்னார். ஏன்னா அது மனுசனோடதுல ஏறக்குறைய எட்டுல ஒரு பங்குதான், சக்கை கம்மி, சரக்கு அதேதான். 2002-லேயே முன்வரைவு வெளியாச்சு, அதுல சிங்கப்பூர் ஆளுங்க முன்னால நின்னாங்க. பிரென்னர் 2019-ல இங்கேதான் காலமானார். இதைக் கேட்டப்புறம் நான் லாபக் கேள்வியை மாசத்துக்கு ஒருக்காவாக் குறைச்சுகிட்டேன்.

இனிமே சொல்றது விளையாட்டு இல்ல, காதைக் கொடு. சார்ஸ் இங்கே பரவினது 2003 மார்ச்சுல. 238 பேரைப் புடிச்சுது, 33 பேரைக் கொண்டுபோச்சு. மே கடைசியில ஊரு சுத்தம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு, எல்லாரும் மூச்சு விட்டோம். செப்டம்பர்ல பாத்தா திரும்ப ஒருத்தருக்கு. யாருக்கு? உன்னை ஒத்த ஒரு டாக்டர் பட்ட மாணவருக்கு. அவர் படிச்சது சார்ஸே இல்ல தம்பி, வெஸ்ட் நைல்னு வேற வைரஸ். ரெண்டையும் கையாண்ட ஆய்வுக்கூடத்துல, இவர் எடுத்த மாதிரியில சார்ஸ் கலந்திருக்கு. விசாரிக்க வந்த நிபுணருங்க, பாதுகாப்பு நடைமுறை சரியில்ல, பயிற்சி போதலைன்னு எழுதி வச்சாங்க. புள்ளை பொழைச்சுகிட்டார், வேற யாருக்கும் தொத்தல. அதுக்கப்புறம் 2005-ல கிருமிக்கும் நச்சுக்கும் தனிச் சட்டமே வந்துச்சு. அதனால யாராவது ‘இன்னைக்கு ஒருநாள் சமாளிச்சுக்க, பயிற்சி அடுத்த வாரம்’னு சொன்னா, ‘அப்ப வேலையும் அடுத்த வாரம்’னு சொல்லு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரி. மரியாதைக் குறைவாத் தெரியாது.

உனக்கு நல்ல பேர் வேணும்னா வேற வழியும் வச்சிருக்கேன். கைடு ராத்திரி 2 மணிக்கு வாட்சாப் அனுப்பினா உடனே பதில் போடு. அசந்துபோவார். மறுநாளும் 2 மணிக்கே அனுப்புவார். சனி ஞாயிறும் லேப்லயே கெட. உன்னைப் பத்திப் பெருமையாப் பேசுவார், அடுத்து வர்ற புள்ளைக்கும் அதையே அளவுகோலா வைப்பார். பரிசோதனை தோத்துப்போச்சுன்னா நோட்டுல எழுதாதே. ஆறு மாசம் கழிச்சு அதே தோல்வியைப் புத்தம் புதுசா இன்னொருக்கா அனுபவிக்கலாம், காசா பணமா.

படிச்சதை ஊருக்குப் புரியச் சொல்றதும் ஒரு வேலை தம்பி. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துல 2008-ல ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க: மூணு நிமிஷத்துல தீசிஸைச் சொல்லணும், ஒரே ஒரு படம்தான் காட்டலாம். 80,000 வார்த்தை தீசிஸைப் படிச்சுக் காட்ட 9 மணி நேரம் ஆவுமாம். இப்ப இங்கேயும் நடத்தறாங்க. எம் பேத்தி வாய்ட் டெக்ல என்னையும் ரெண்டு கிழடுங்களையும் உக்கார வச்சு ஒத்திகை பாத்தா. ஈரலு, கொழுப்பு, எலின்னு மூணு வார்த்தை புரிஞ்சுது. மூணு நிமிஷத்துல முடியற சமாச்சாரத்துக்கு எதுக்கு நாலு வருஷம்னு பக்கத்துல இருந்தவர் கேட்டார். அவ கோவிச்சுக்கல. அடுத்த வாரம் திரும்ப வந்தா, ஆறு வார்த்தை புரிஞ்சுது. இதைப் பாத்தப்பத்தான் இந்தப் புள்ளை முடிச்சிடும்னு எனக்குப் பட்டுச்சு. எலியைப் பத்தி எலி டாக்டருங்ககிட்டப் பேசறவன் ஆயிரம் பேர். எங்ககிட்ட வந்து ரெண்டாந்தடவை பேசறவன் கம்மி.

அவளுக்கும் இப்பக் கொஞ்சம் புத்தி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை செல்லு வேலையை லேப்ல நாலு பேரா முறை வச்சுகிட்டாங்க. பல்கலைக்கழகத்துல மனசு சரியில்லைன்னா போய்ப் பேச ஆளு வச்சிருக்காங்க. ஒருக்கா போய்ட்டு வந்தா. பைத்தியக்காரங்க போற இடம்னு ஒரு காலத்துல நெனைச்ச தலைமுறை நாங்க. போன ராத்திரி அவ நல்லாத் தூங்கினதைப் பாத்தேன், வாயை மூடிகிட்டேன்.

இப்ப உன் சங்கதி. தலைப்பு எது, இதழ் எதுன்னு அலையாதே. சில இடத்துல மொத வருஷம் மூணு லேப்ல மாறி மாறி வேலை பாத்துட்டுக் கைடைத் தேர்ந்தெடுக்க விடறாங்களாம். உனக்கும் அந்த வழி இருந்தா, பொண்ணு பாக்கப் போறப்ப கேக்கற கேள்வி அத்தனையும் அங்கே கேளு. இல்லாட்டியும் சேர்றதுக்கு முன்னாடி அவர்கிட்டப் படிச்சு முடிச்சவங்க ரெண்டு பேரைப் புடிச்சு, கீழ காப்பிக்கடைக்குக் கூட்டிட்டு வா. முடிக்காம நடுவுல போனவன் ஒருத்தன் இருந்தா அவனைக் கட்டாயம் கூட்டிட்டு வா. முடிச்சவன் பாதி மறந்திருப்பான், போனவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். தே தாரிக் காசு என்னோடது. புரோட்டா காசு உங்கம்மாவை எடுத்து வைக்கச் சொல்லு.