உதைக்கிற வண்டியும் உதைபடுகிற பர்ஸும்

கே: அண்ணே, என் டீசல் பிக்கப் பழசு. ஆட்டோ கியர், 4 ஸ்பீடு. காலையில் எடுத்தால் சாதுவாகப் போகிறது. பீடோங் போய்த் திரும்பி, பாக்கார் ஆராங் சமிக்ஞை விளக்கில் நின்று எடுத்தால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் உதைக்கிறது. ‘கியர்பாக்ஸை இறக்கணும்’ என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
– பாக்கார் ஆராங் வாசகர்

ப: கியர் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தாரா அவர்? பார்க்கவில்லையென்றால், கியர்பாக்ஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்புங்கள்.

பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ‘சூடேறினால் உதைக்கிறது, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதைக்கிறது’ என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு மெக்கானிக் உங்களுக்குத்தான் கூலி தரவேண்டும்.

இப்போது மீதிப் பாதி. வண்டி சூடாக இருக்கும்போது சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு விநாடி வைத்து, மறுபடி ‘பி’க்குக் கொண்டுவாருங்கள் (சில வண்டிகளுக்கு ‘என்’, கையேட்டில் இருக்கும்). குச்சியைத் துடைத்து, விட்டு, எடுங்கள். எண்ணெய் ‘ஹாட்’ கோட்டுக்குள் இருக்கிறதா? குறைந்தாலும் வம்பு, கூடினாலும் நுரைத்து வம்பு. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். சிவப்பு என்றால் நிம்மதி. பழுப்பு என்றால் எண்ணெய் மாற்றும் நாள் வந்து போய்விட்டது. கறுத்து, தீய்ந்த வாடையும் அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகுகின்றன. சிராப் பண்டோங் நிறத்தில் இருந்தால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து, தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விட்டது. தண்ணீர் பட்டால் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலம் உரிந்துவிடும்.

சூட்டில் மட்டும் ஏன்? எண்ணெய் சூடானால் இளகும். தேய்ந்த சீல்களைத் தாண்டி அழுத்தம் கசியும். கிளட்ச் பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல், தாமதமாகப் ‘படக்’ என்று பிடிக்கும். அதனால் என் வரிசை இது: முதலில் எண்ணெய், பிறகு சொலனாய்டும் வால்வ் பாடியும், கடைசியில்தான் கிளட்ச் தட்டு. கியர்பாக்ஸை இறக்குவது அந்தக் கடைசிக்குத்தான்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறதா என்று பாருங்கள். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று கியர்பாக்ஸுக்குக் கோள் சொல்வது அதுதான். இறுகிப்போனால் கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும். இதைத் தெரிந்துகொண்டு, உதையை நிறுத்த கேபிளை வேண்டுமென்றே தளர்த்திவிடும் கெட்டிக்காரர்கள் உண்டு. உதை நிற்கும், வாடிக்கையாளர் மகிழ்வார். அழுத்தம் குறைந்த கிளட்ச் வழுக்கி வழுக்கிக் கருகும். பிறகு அதே கெட்டிக்காரரிடம்தான் கியர்பாக்ஸ் இறக்கப் போவீர்கள்.

கே: இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர் எண்ணெய் மாற்றியதே இல்லை. மெஷின் வைத்து மொத்தமாகக் கழுவிவிடலாமா?
– குருண் வாசகர்

ப: இத்தனை வருடம் குளிக்காதவரை ஒரே நாளில் தேய்த்துக் கழுவ என்ன அவசரம்? மெஷின் கழுவல் நல்லதா கெட்டதா என்று மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. பழைய கியர்பாக்ஸ் என்றால் நான் எதிர்க்கட்சி. கிளம்புகிற கசடு வால்வ் பாடியின் சந்துகளில் போய் உட்கார்ந்துவிடும் என்ற பயம் எனக்கு. அடி ‘பேனை’க் கழற்றி வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். வடித்து, பில்டரை மாற்றி, புதிது ஊற்றுங்கள். சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடியுங்கள். முதல் தடவை பேனைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிசாக ஒட்டியிருந்தால் அது வயதின் அடையாளம். இரும்புச் சிலாம்பு இருந்தால் எண்ணெய்க்குச் செலவழிக்காதீர்கள்.

கே: அந்த எண்ணெய் ஏன் சிவப்பு?
– சுங்கை பட்டாணி மாணவி

ப: இன்ஜின் ஆயிலோடு குழப்பிக்கொள்ளாமலிருக்கச் சாயம் போட்டார்கள். ஒழுகினாலும் எது ஒழுகுகிறது என்று தெரியும். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். தடை வந்தது, திமிங்கிலம் பிழைத்தது, மாற்றுச் சரக்கு சரியாக அமையும் வரை கியர்பாக்ஸுகள் மடிந்தன. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்றும் நினைத்துவிடாதே அம்மா. டெக்ஸ்ரான் 3 வேறு, டொயோட்டாவின் டி-4 வேறு, மிட்சுபிஷியின் எஸ்பி-3 வேறு.

கே: ராஜேந்திர சோழன் கடாரத்தை எந்த கியரில் வந்து பிடித்தார்?
– மெர்போக் வாசகர்

ப: 1025இல் அவருக்குக் காற்றுதான் கியர். உதை வாங்கியது ஸ்ரீவிஜயம்.

கே: என்னிடம் இருப்பது பிக்கப் அல்ல, 1980களின் பென்ஸ் 300டி, டபிள்யூ 123. கியர் உதைக்கிறது, கதவுப் பூட்டு வேலை செய்யவில்லை. சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறது. பேய் பிடித்திருக்குமோ?
– கூலிம் வாசகர்

ப: பூசாரியிடம் போகாதீர்கள், ரப்பர் குழாயைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் மூச்சிழுக்கும்போது தானாக வெற்றிடம் உண்டாகும். டீசலுக்கு அது கிடையாது. அதற்கென்றே ஒரு வேக்கும் பம்ப் வைத்திருப்பார்கள். உங்கள் பென்ஸில் கியர் மாறும் பதம், கதவுப் பூட்டு, இன்ஜினை அணைப்பது, பிரேக் பூஸ்டர் எல்லாம் அந்த ஒரே பம்ப்பை நம்பித்தான். எங்கோ ஒரு குழாய் வெடித்திருக்கும், அல்லது பம்ப்பே ஓய்ந்திருக்கும். பிரேக் பெடலும் கல்லாக இருந்தால், சரி செய்யும் வரை வண்டியை எடுக்கவேண்டாம்.

கே: ‘ஆர்’இலிருந்து ‘டி’க்குப் போட்டால் அடியில் ‘டங்’ என்று சத்தம். ஓடும்போது ஒன்றுமில்லை.
– பாடாங் செராய் வாசகர்

ப: ஓடும்போது ஒழுங்காக மாறுகிறது என்றால் கியர்பாக்ஸ் நிரபராதியாக இருக்கலாம். இன்ஜின் மவுண்டிங் கிழிந்திருக்கிறதா, ஷாஃப்டின் யூ-ஜாயின்ட் ஆடுகிறதா, ஐடிலிங் ஏறிக்கிடக்கிறதா என்று பாருங்கள். போனெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் போட்டு, ஒருவர் ‘ஆர்’, ‘டி’ மாற்றட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜின் துள்ளுகிறதா பார்க்கட்டும். முன்னால் நிற்கவேண்டாம், பிரேக்கும் உங்களைப் போல் பழசு.

செம்பனைத் தோட்டத்துக்குள் பின்னால் உருளும்போதே ‘டி’ போடும் பழக்கம் உண்டா? இருந்தால் யூ-ஜாயின்டைக் குறை சொல்லாதீர்கள்.

கே: ஆட்டோ கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

ப: தள்ளலாம். ஸ்டார்ட் ஆகாது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். இன்ஜின் நின்றால் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்ப்பும் நின்றுவிடும். மேலே ஏற்றிப் போகிற லாரியைக் கூப்பிடுங்கள்.

கே: ரிப்பேர் வேண்டாம், ஹாஃப் கட் கியர்பாக்ஸ் வாங்கி மாட்டு என்கிறான் மைத்துனன்.
– சுங்கை பட்டாணி வாசகர்

ப: மைத்துனன் கமிஷன் வாங்காதவரை நல்ல யோசனைதான். அதற்கு முன் ‘ஓ.டி. ஆஃப்’ விளக்கு தானாக மினுக்குகிறதா பாருங்கள். பல டொயோட்டாக்களில் அது கணினி கோளாறு எண் வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பழுது ஒரு சென்சாரோ ஒயரோ மட்டுமாக இருக்கலாம். போத்தோங் கடைக்குப் போனால் பழைய கியர்பாக்ஸின் மாடல் எண்ணை எழுதி எடுத்துப் போங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் ஒயர் சாக்கெட் மாறும், கன்வெர்ட்டர் மாறும். குச்சி இருந்தால் உருவி மோந்து பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால், தவுக்கே எத்தனை வெள்ளி குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கினால் மாற்றித் தரும் கெடுவை ரசீதில் எழுதி வாங்குங்கள், மைத்துனன் வாய்ச்சொல்லில் அல்ல.