டம்ளரும் மில்லிலிட்டரும்: பிள்ளைப்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை
இதுவரை எவரும் இதை ஆராயவில்லை, ஆகவே தேவை.

2. ஆய்வுச் சிக்கல்
ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் மைக்ரோமீட்டர் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கும் கை, ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் கல்லுப்பைக் குத்துமதிப்பாக அள்ளிப் போடுகிறது. கை ஒன்றா, இரண்டா?

3. வரலாறு
1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958இல் தொடங்கி 1962க்குள் கிராமும் லிட்டரும் கட்டாயமாயின. படி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் கடையைவிட்டு வெளியேறி அரிசி டின்னுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன (காண்க: அரிசி டின், அடிப்பகுதி).

4. திரவம்
ஆவின் பாக்கெட், 500 மி.லி.; முனையை வெட்டும்போது சிந்துவது நீங்கலாக.

5. உலர்பொருள்
மளிகைச் சீட்டோடு கிராம் முடிந்துவிடுகிறது.

6. குக்கர் கப்
மெட்ரிக் கப் 250 மி.லி. என்பர். ஆனால் எலெக்ட்ரிக் குக்கர்களோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180தான். ஜப்பானியர் அரிசி அளக்கும் 'கோ' என்பதன் அளவு அது. 1959இல் ஜப்பானும் மெட்ரிக்குக்கு மாறியது. குக்கரிடம் யாரும் சொல்லவில்லை. இந்தக் கப்பில் தண்ணீர் 180 கிராம், அரிசியோ ஏறத்தாழ 150 கிராம். கப் ஒன்றே, எடை வேறு என்பதை வைத்து மூன்று கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கலாம். பதிவுக் கட்டணம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஆய்வுக்கோவையிலும் வரும்.

நிற்க. 180 மி.லி. தமிழருக்குப் புதிதன்று. டாஸ்மாக் குவார்ட்டரும் அதே 180. ஆனால் ஃபுல் 750. நான்கு குவார்ட்டர் கூட்டினால் 720தான் வருகிறது. மீதி 30 மி.லி. எங்கே? அது சரியாக இரண்டு டேபிள்ஸ்பூன். ரசம் தாளிக்கப் போதும். ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி. என்பதால் அங்கே ஒன்றரைதான் தேறும் (காண்க: காலி பாட்டில், லேபிள், கிழிந்த பகுதி, ஒப்பிடுக: குக்கர் கப், உட்சுவர், மூன்றாம் கோடு, மஞ்சள் கறைக்குக் கீழே, பாடபேதம்: பக்கத்து அறைக் கப், அடுப்பருகே வைத்து விளிம்பு உருகியது. அதில் மூன்றாம் கோடே இல்லை. முந்தைய பதிப்பாசிரியர் தேங்காய் நார் போட்டுத் தேய்த்ததில் போயிருக்கலாம், பதிப்பாசிரியர்கள் வழக்கமாகச் செய்வதுதான்).

7. களத்தரவு
மெஸ் நடத்தும் அக்கா ஒருவரிடம் இம்முடிவுகள் விளக்கப்பட்டன. அவர் கூறியது: "எந்தக் கப்பா இருந்தா என்ன சார்? அரிசிய எதுல அளந்தீங்களோ அதுலயே தண்ணியையும் அளந்து ஊத்துங்க. ஒண்ணுக்கு ரெண்டு. பழைய அரிசின்னா இன்னும் கொஞ்சம்."

8. முடிவுரை
விகிதம் சரியாக இருந்தால் அலகே வேண்டாம் என்று பொருள்படும் இக்கூற்று, இயல் 1 முதல் 6 வரை அனைத்தையும் தேவையற்றதாக்குகிறது. மேலும் இது அச்சேறிய நூல் எதிலும் இல்லை. சொன்னவர் எந்த நெறியாளரிடமும் பதிவு செய்தவர் அல்லர். எனவே ஏற்பதற்கில்லை. சோறு மட்டும் இருமுறை கேட்டு வாங்கி உண்ணப்பட்டது.