ஜென் நிலை

பேட்டைக்கு ஒருத்தர் இப்படி இருப்பார். அவரிடம் இருப்பது 1997 மாடல் மாருதி ஜென், மூன்று கை மாறி வந்தது. "இஞ்சின் பட்டு சார்" என்பார். சிக்னலில் நின்றதும் கண்ணாடிகள் கடகடக்கும், டேஷ்போர்டுப் பிள்ளையார் சாமியாடுவார். வண்டி அணைந்துவிடாமல் ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டுக்கொண்டே இருப்பார் நம்மவர்.

"ஏங்க இப்படி உதறுது?"

"இஞ்சின் இன்னும் சூடாகலைம்மா." மே மாதம், மதியம் இரண்டு மணி.

ஞாயிறானால் பானெட் திறந்துவிடும். ஓடுகிற இஞ்சினில் ப்ளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் படுத்திருக்கிறது. சரியான முறைதான். ஆனால் ஒயரின் ரப்பர் வெடித்திருந்தால் முழங்கை வரை ஷாக் ஏறும். அப்போது அவர் வாயில் வருகிற சொல்லைக் கேட்டு, "சார் ட்யூனிங் ஆரம்பிச்சாச்சு" என்று இரண்டாவது மாடியில் ஜன்னலைச் சாத்துவார்கள். நாலு சிலிண்டரும் ஒழுங்காகத்தான் இருக்கும். இருந்தாலும் நாலு ப்ளக்கையும் மாற்றிவிடுவார்.

தெருமுனை மெக்கானிக் பையன் எட்டிப் பார்த்து, "சார், வேக்யூம் ஹோஸ் வெடிச்சிருக்கு, காத்து இழுக்குது. இந்த ட்யூப்தான்" என்று விரலால் அழுத்திக் காட்டுவான். உதறல் சட்டென்று அடங்கும். இவர் முகமும் சுருங்கும். இவ்வளவு பெரிய உதறலுக்கு இந்தச் சுண்டுவிரல் ரப்பர்தான் காரணம் என்றால் கௌரவம் என்ன ஆவது? "கார்புரேட்டரே போயிடுச்சுப்பா" என்று தீர்ப்பெழுதிவிடுவார்.

சாம்பிளுக்கு அதைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஜி.பி. ரோட்டில் புது ஸ்பேர் விற்கிறவர்கள், "கார்பு ஜென்னா? அதெல்லாம் வர்றதே இல்ல சார்" என்று கையை விரிப்பார்கள். அடுத்து புதுப்பேட்டை. தொங்கும் பம்பர்களுக்கும் அடுக்கிய கதவுகளுக்கும் நடுவே குனிந்து நுழைவார். கடைக்காரர் கரிபிடித்த ஒன்றை எடுத்து வைப்பார்.

"மூவாயிரம்."

"எண்ணூறு."

"அண்ணே, உங்க பையில இருக்கிறது இதைவிட நல்லா இருக்கு. எண்ணூறுக்குக் குடுத்துட்டுப் போங்க."

ரோஷம் வந்துவிட்டது. கழற்றிக்கொள்ளவென்று இன்னொரு ஜென்னையே முழுசாக வாங்கிவிட்டார். இழுத்து வந்து சாவியைத் திருகினால், அது சிணுங்காமல் அப்படியே நின்று ஓடுகிறது.

"இதைப் போய்க் கழற்ற மனசு வருமா சார்?" என்று அதற்குக் கவர் போட்டு மூடிவிட்டு, மறுபடி மஞ்சப்பையைத் தேடுகிறார்.