வேனுக்குப் போர்ஷே சக்கரம்

கேள்வி: 1970களின் ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனில் போர்ஷே 911-இன் பிரேக்கும் சக்கரமும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். இரண்டும் ஃபெர்டினாண்ட் போர்ஷே வழிவந்த சொந்தங்கள்தானே! ஆனால் சொந்தத்துக்குள்ளும் 18 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. 1971 மாடல் முதல் வேனின் ஐந்து போல்ட்டுகள் 112 மி.மீ. வட்டத்தில் அமர்ந்திருக்கும், 911-க்கோ 130. அடாப்டர் போடலாம், ஹப்பையே மாற்றினால் இன்னும் நல்லது.

911 பிரேக்கின் பெரிய காலிப்பர் அதிக பிரேக் ஆயில் கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் பெடல் ஆழமாக இறங்கிவிடும்.

911-இன் அழகான ஃபூக்ஸ் சக்கரத்தில் மயங்குகிறவர்கள் டயரின் சுமைக் குறியீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். அன்றைய 911 ஏறத்தாழ ஒரு டன். கட்டில், அடுப்பு, குடும்பத்தோடு கிளம்பும் வேன் இரண்டு டன்னை எட்டிவிடும்.

இப்படிக் கலப்பது புதிதல்ல: போர்ஷே நிறுவனமே 1980களில் ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் 911-இன் 3.2 லிட்டர் எஞ்சினை இறக்கியது. பெயர் பி32.