சுவருக்கு அப்பால்

கேள்வி: சுவருக்குப் பின்னால் பதுங்கியிருப்பவரைக் காட்டும் ராணுவ ரேடார் எங்கள் சிவகாசிக்கு உதவுமா? (வாசகர், திருத்தங்கல்)

பதில்: தாராளமாக! பாதுகாப்புத் துறையின் பெங்களூரு எல்.ஆர்.டி.இ. ஆய்வகம் உருவாக்கிய ‘திவ்யசக்ஷு’ அந்த ரகம்தான். ரேடியோ அலை செங்கல் சுவரைத் தாண்டிப் போய், மூச்சுக்கு ஏறி இறங்கும் நெஞ்சில் பட்டுத் திரும்பும். அந்தச் சின்ன அசைவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். (இரும்புத் தகட்டிடம் மட்டும் தோற்றுவிடும்.) 2015 நேபாள நிலநடுக்கத்தில் நாசாவின் ‘ஃபைண்டர்’ ரேடார் கருவி, இடிபாட்டுக்குள் நான்கு பேரின் இதயத்துடிப்பைக் கண்டுபிடித்தது, நால்வரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். எதிரியைத் தேடும் அறிவு, பட்டாசு ஆலையின் மருந்தறை இடிந்தால் நம் தொழிலாளியையும் தேடி வரட்டும். விருதுநகர் மாவட்டத் தீயணைப்புத் துறைக்கு அவசியம் ஒன்று வேண்டும். ஆனால், நாலு பேர் மட்டுமே வேலை செய்ய வேண்டிய ஆலை அறையில் பத்துப் பேர் இருப்பதைப் பார்க்க ரேடார் எதற்கு? கதவைத் திறந்து பார்க்கும் ஆய்வாளர் போதும்!